மேக்கில் கம்பைல் ஆகிவிட்டது, சேர்த்துவிடலாமா?

கேள்வி:

நாங்கள் ஐந்து பேர் கொண்ட குழு. சி, சி++ நிரல்களில் மெமரி லீக் (வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் விடும் பிழை) எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் கருவி ஒன்றை ஏழு வருடமாகச் செய்து வருகிறோம். லினக்ஸிலும் விண்டோஸிலும் ஓடும். இரண்டுமே இன்டெல் வகை 64-பிட் சிப்புகளுக்கு மட்டும்தான். லினக்ஸில் நினைவகம் கேட்கும் மாலாக் (malloc) அழைப்புகளை, எங்கள் நூலகத்தை மற்றவற்றுக்கு முன்னால் ஏற்றும் எல்டி-ப்ரீலோட் (LD_PRELOAD) வழியாக மறிக்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு பாதியில் ஒட்டிக்கொள்ள பிட்ரேஸ் (ptrace) என்ற லினக்ஸ் வசதி. ஒரு வருடமாக "மேக்குக்கு எப்போது வரும்?" என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அந்த வேலைக்கென்று ஒருமுறை தனியாகப் பணம் தருவதாகச் சொல்கிறார். எங்களிடம் சேர்ந்து ஒரு வருடமான தம்பி ஒருவர், போன வாரக் கடைசியில் தன் சொந்த மேக்கில் கருவியைக் கம்பைல் செய்து, ஒரு சின்ன உதாரண நிரலோடு சேர்த்து லிங்க் செய்து, லீக்கைப் பிடித்தும் காட்டிவிட்டார். "இன்னும் இரண்டு வாரம் போதும்" என்கிறார். மூத்தவர் ஒருவர், "இருக்கிற இரண்டையே சமாளிக்க முடியவில்லை, வேண்டாம்" என்கிறார். முடிவு எடுக்க வேண்டியது நான். சேர்க்கலாமா?

பதில்:

வணக்கம். முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மேக் கேட்டு எழுதியவர்களில் பதினைந்து, இருபது பேருக்குத் திருப்பி எழுதி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் எழுதும் நிரல் கடைசியில் எந்த இயந்திரத்தில் ஓடப் போகிறது?"

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மேஜையில் இருக்கும் இயந்திரமும் நிரல் ஓடும் இயந்திரமும் இப்போது பலருக்கு வேறு வேறு. எடிட்டர் மாதிரியான கருவி மேஜையில் ஓட வேண்டும். லீக் தேடும் கருவி நிரல் ஓடும் இடத்தில் ஓட வேண்டும். ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 சிப் வைத்த மேக்குகளை விற்கத் தொடங்கியதிலிருந்து, சர்வர் நிரல் எழுதும் எத்தனையோ பேர் மேக்கில் உட்கார்ந்துகொண்டு, டாக்கர் என்ற தனிப் பெட்டிச் சூழலுக்குள் லினக்ஸில்தான் நிரலை ஓட்டிப் பார்க்கிறார்கள். எம்1 இன்டெல் வகை அல்ல, ஆர்ம் என்ற வேறு வகை சிப். ஆகவே அந்த லினக்ஸ், ஆர்ம் லினக்ஸ். அதற்குள் உங்கள் இன்டெல் பதிப்பைப் போட்டால் கியூஇஎம்யு (QEMU) போன்ற, ஒரு சிப்பை இன்னொன்றாக நடித்துக் காட்டும் எமுலேஷன் அடுக்கின் மேல்தான் ஓட வேண்டும். ஒரு நிரலை இன்னொரு நிரல் பிடித்து நிறுத்திப் பார்க்கும் பிட்ரேஸ், கியூஇஎம்யுவின் அந்த அடுக்கில் வேலை செய்யாது. ஆகவே உங்கள் கருவி அங்கே தடுக்கி விழுகிறது. அவர் பார்ப்பது தன் முன்னால் இருக்கும் மேக்கை. அதனால் "மேக்கில் வேலை செய்யவில்லை, மேக் ஆதரவு கொடுங்கள்" என்று எழுதுகிறார்.

அவருக்கு உண்மையில் தேவை 64-பிட் ஆர்ம் லினக்ஸ் பதிப்பு. மேக்ஓஎஸ் பதிப்பை நீங்கள் ஆறு மாதம் உழைத்துக் கொடுத்தாலும் அவருடைய பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்று, ஆர்ம் லினக்ஸ் அவரோடு நிற்பதில்லை. அமேசான் 2018-இல் தன் கிளவுடில் கிராவிட்டான் என்ற ஆர்ம் சர்வர்களைக் கொண்டுவந்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் கோபால்ட் என்றும், கூகுள் ஆக்ஸியான் என்றும் சொந்த ஆர்ம் சிப்புகளைச் செய்தன. உங்கள் பழைய லினக்ஸ் வாடிக்கையாளர்களிலேயே சிலர் சர்வரை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டிருக்கலாம். அவர்கள் இன்னும் உங்களிடம் கேட்காமல் இருக்கலாம். மாறின அன்று கேட்பார்கள்.

உண்மையிலேயே மேக்குக்காகவே செயலி எழுதுபவர்களும் உங்கள் கடிதக் கட்டில் இருப்பார்கள். அவர்களைத் தனியாக எண்ணுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே ஆப்பிள் இலவசமாகத் தரும் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற சோதனைக் கருவி இருக்கிறது, லீக்ஸ் என்ற கட்டளையும் இருக்கிறது. அவற்றில் கிடைக்காத எதை உங்கள் கருவி தருகிறது என்று உங்களால் இரண்டு வரியில் சொல்ல முடிய வேண்டும். முடிகிறதா என்று எழுதிப் பாருங்கள்.

சரி, இப்போது அந்தத் தம்பி செய்து காட்டியதற்கு வருவோம். வாரக் கடைசியில் உட்கார்ந்து இதைச் செய்தார் என்பதே பெரிய விஷயம். அந்த ஆர்வத்தை எந்தக் குழுவும் பாராட்ட வேண்டும். ஆனால் அவர் கருவியை உதாரண நிரலோடு சேர்த்து லிங்க் செய்துதான் காட்டியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கஷ்டமான இடம் அந்த ஒரு படியால் கண்ணில் படாமல் போயிருக்கிறது.

லினக்ஸில் எல்டி-ப்ரீலோட் ஏன் அவ்வளவு எளிதாக வேலை செய்கிறது? மாலாக் என்று ஒரு பெயரை எந்த நூலகம் கேட்டாலும், வரிசையில் முதலில் நிற்பவர் பதில் சொல்வார். நீங்கள் முதலில் போய் நின்றுகொள்கிறீர்கள். மேக்கில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு அழைப்பும் பெயரோடு சேர்த்து எந்த நூலகத்திலிருந்து வர வேண்டும் என்பதையும் குறித்து வைத்திருக்கும். ஆகவே நிரலோடு லிங்க் செய்தால் நிரலின் சொந்த அழைப்புகள் உங்களிடம் வரும். சிஸ்டம் நூலகங்கள் தங்களுக்குள் கேட்கும் நினைவகம் உங்கள் கண்ணிலேயே படாது. அதைப் பிடிக்க, மேக்கில் நூலகங்களை ஏற்றும் டிஒய்எல்டி (dyld) தரும், அழைப்பை இடைமறிக்கும் இன்டர்போஸ் முறைக்குப் போக வேண்டும், அல்லது நினைவகத்தை நிர்வகிக்கும் மேக்கின் மாலாக் மண்டலங்களோடு பேச வேண்டும். இரண்டும் உங்கள் லினக்ஸ் குறியீட்டிலிருந்து வராது. புதிதாக எழுத வேண்டும்.

அதோடு முடியவில்லை. 2015-இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பிலிருந்து, சிஸ்டம் பாதுகாப்பில் இருக்கும் நிரல்களுக்கு டிஒய்எல்டி மாறிகள் (எந்த நூலகத்தைக் கூடவே ஏற்றுவது என்று சொல்பவை) போய்ச் சேராமல் மேக் அவற்றைக் கழற்றிவிடும். கடினப்படுத்திய ரன்டைம் (hardened runtime) என்ற கூடுதல் பாதுகாப்பைப் போட்டு டிஜிட்டல் கையெழுத்திட்ட செயலிகளும் தனி அனுமதி இல்லாமல் அந்த மாறிகளை ஏற்காது. அப்படிப்பட்ட செயலி ஓடும்போது அதோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றால் அந்தச் செயலியே டீபக் அனுமதியோடு கையெழுத்திடப்பட்டிருக்க வேண்டும். ஆப்பிள் சிலிக்கானில் (எம்1 முதலான ஆப்பிளின் சொந்த சிப்புகளில்) கையெழுத்தே இல்லாத நேட்டிவ் நிரல் ஓடவே ஓடாது. கையெழுத்திட்ட பிறகு ஃபைலில் ஒரு பைட்டைத் திருத்தினால் கர்னல் அதை நிறுத்திவிடும். டீபக் தகவல் இருக்கும் இடமும் வேறு. நிரல் ஃபைலின் வடிவமும் வேறு. இத்தனையும் ஒருமுறை சரி செய்தபின், வருடத்துக்கு ஒரு புதிய மேக்ஓஎஸ் பதிப்பு வரும். ஒவ்வொன்றிலும் மறுபடி முழுவதையும் சோதிக்க வேண்டும். உங்கள் கருவி சிஸ்டத்தின் அடிமட்டத்தில் கை வைப்பது. சாதாரண செயலிகள் எதையும் உணராமல் கடந்து போகும் மாற்றம், உங்களை நேராகத் தாக்கும்.

இதையெல்லாம் இரண்டு வாரத்தில் செய்ய முடியாது. ஐந்து பேரில் ஒருவருக்கு இது பல மாத வேலை, அப்புறம் ஒவ்வொரு வருடமும் சில வார வேலை என்றுதான் நான் கணக்கு வைப்பேன்.

ஆர்ம் லினக்ஸ் இதைவிட மிக எளிது. எல்டி-ப்ரீலோட் அப்படியே இருக்கும், பிட்ரேஸ் இருக்கும், ஃபைல் வடிவம் அதே எல்ஃப் (ELF). சிப்பின் ரெஜிஸ்டர்களைப் படிக்கும் பகுதியையும் ஸ்டாக்கை (எந்த அழைப்பு எங்கிருந்து வந்தது என்ற அடுக்கை) அவிழ்க்கும் பகுதியையும் திருத்த வேண்டியிருக்கும். ஆனால் "எளிது" என்று சொல்லும்போதே என் அனுபவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் நான் ஒரு நிறுவனத்தில் டீபக்கர் செய்யும் குழுவில் இருந்தேன். அதை ஆர்ம் லினக்ஸுக்குக் கொண்டுபோனோம். கம்பைல் ஆனது, டெஸ்ட் எல்லாம் பச்சை, ரிலீஸ் செய்தோம். சில மாதங்கள் கழித்து ஒரு வாடிக்கையாளர், கருவி காட்டும் வரி எண் சில இடங்களில் தவறு என்று எழுதினார். தேடிப் பார்த்தால், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எத்தனை நகர வேண்டும் என்பதை ஒரு பைட் கேர் (char) வகையில் வைத்திருந்தோம். இன்டெல் லினக்ஸில் கேர் என்பது மைனஸ் எண்ணையும் பிடிக்கும். ஆர்ம் லினக்ஸில் இயல்பாக அது பிளஸ் மட்டும்தான். மூன்று வரி பின்னால் போக வேண்டிய இடத்தில் 253 வரி முன்னால் போயிருக்கிறது. எங்கள் டெஸ்ட் நிரல்கள் ஒன்றில்கூட பின்னால் போகும் வரி இல்லை. அந்த வாடிக்கையாளர் மூன்று நாள் தன் குறியீட்டில் இல்லாத பிழையை இல்லாத வரியில் தேடியிருக்கிறார். கருவி கிராஷ் ஆகியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு நேரம் போயிருக்காது. பிழை கண்டுபிடிக்கும் கருவி பொய் சொன்னால் அதை நம்பியவரின் நேரமெல்லாம் வீண். இன்றும் அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, மேக்கின் ஆர்மில் கேர் மைனஸையும் பிடிக்கும். ஆகவே தம்பியின் மேக்கில் எல்லாம் சரியாக இருந்தாலும், அதே குறியீடு ஆர்ம் லினக்ஸில் தவறலாம். சிப் ஒன்றே என்பதால் தளமும் ஒன்றாகிவிடாது.

உங்கள் குறியீட்டில் நான் தேடச் சொல்லும் இன்னும் இரண்டு இடங்கள். ஒன்று, 4096 என்ற எண். இன்டெல்லில் நினைவகப் பக்கம் 4 கேபி. ஆப்பிள் சிலிக்கானில் 16 கேபி. ஆர்ம் லினக்ஸில் கர்னலை எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்து 4, 16, 64 எதுவும் இருக்கலாம். நினைவகத்தைக் கையாளும் கருவியில் யாரோ ஏழு வருடத்துக்கு முன் அந்த எண்ணை நேரடியாக எழுதியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இரண்டாவது, பூட்டு இல்லாமல் பல த்ரெட்கள் சேர்ந்து எழுதும் உங்கள் பதிவு பஃபர். இன்டெல் சிப்பில் ஒரு கோர் எழுதுவது மற்ற கோர்களுக்கு எழுதிய வரிசையிலேயே தெரியும். ஆர்மில் அந்த வரிசை மாறித் தெரியலாம். வரிசை வேண்டுமென்றால் குறியீட்டில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இன்டெல்லில் ஏழு வருடம் ஒரு குறையும் சொல்லாத குறியீடு, ஆர்மில் ஆயிரம் தடவைக்கு ஒரு தடவை குப்பையைப் படிக்கும். இது டெஸ்டில் மாட்டாது, வாடிக்கையாளரிடம்தான் மாட்டும். அந்தப் பஃபரை உங்கள் மூத்தவரே உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டும்.

மூத்தவர் சொல்வதையும் சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் டெஸ்ட் இப்போது பச்சையா? "அது அப்படித்தான், சில சமயம் விழும், மறுபடி ஓட்டினால் சரியாகும்" என்று சொல்லிப் பழகிய டெஸ்ட் எத்தனை? திறந்தே கிடக்கும் விண்டோஸ் பிழைகளில் மிகப் பழையது எவ்வளவு பழையது? இந்தப் பதில்கள் மோசமாக இருந்தால் அவர் சொல்வதுதான் சரி. அந்த நிலையில் எந்தப் புதிய தளமும் வேண்டாம், ஆர்ம் லினக்ஸ்கூட வேண்டாம். முதலில் இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள்.

பதில்கள் பரவாயில்லை என்றால், "சேர்ப்பதா வேண்டாமா" என்று இரண்டே கதவு இருப்பதாக நினைக்காதீர்கள். பெரிய திட்டங்கள் இதைப் படிப்படியாகத்தான் செய்கின்றன. ரஸ்ட் மொழியில் தளங்களுக்கு மூன்று படி. முதல் படியில் இருப்பது வேலை செய்யும் என்று உத்தரவாதம்; இரண்டாம் படியில் இருப்பது பில்ட் ஆகும் என்று மட்டும் உத்தரவாதம்; மூன்றாம் படியில் குறியீடு இருக்கிறது, மற்றபடி எந்த வாக்கும் இல்லை. 2020 டிசம்பர் கடைசியில் வந்த 1.49 பதிப்பில் 64-பிட் ஆர்ம் லினக்ஸ் முதல் படிக்கு ஏறியது. அதே பதிப்பில் ஆப்பிள் சிலிக்கான் மேக் இரண்டாம் படியில் வந்தது. அது முதல் படிக்கு ஏறியது 2024 அக்டோபரில், 1.82 பதிப்பில். ஏறக்குறைய நான்கு வருடம். அவ்வளவு பேர் உழைக்கும் திட்டமே அவசரப்படவில்லை. பைத்தானிலும் இதே மாதிரி படிகள் உண்டு; மூன்றாம் படியில் நிற்கவே மைய டெவலப்பர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், இரண்டாம் படிக்கு இருவர். கோ மொழியும் புதிய தளம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பராமரிப்பாளர்களையும், எப்போதும் டெஸ்ட் ஓட்டிக்கொண்டிருக்கும் இயந்திரத்தையும் கேட்கிறது.

எல்லாரும் ஒரே இரண்டைத்தான் கேட்கிறார்கள், பார்த்தீர்களா? பொறுப்பேற்க ஆள், எப்போதும் ஓட ஒரு இயந்திரம். நான் சொன்ன அந்த டீபக்கர் கதையில் இரண்டும் போயிருந்தன. ஆர்முக்கு மாற்றியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் சோதித்த இயந்திரம் ஒரு மேஜைக்கு அடியில் அணைந்து கிடந்தது. புகார் வந்த அன்று அதைத் தேடி எடுத்துச் செருகி, அதில் சிஸ்டத்தைப் புதுப்பிக்கவே எங்களுக்கு ஒரு நாள் போனது.

ஆகவே என் பரிந்துரை இது. ஆர்ம் லினக்ஸை இரண்டாம் படியாகச் சேருங்கள்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் பில்ட் ஆக வேண்டும், தினமும் ஒருமுறை டெஸ்ட் ஓட வேண்டும், டெஸ்ட் விழுந்தால் ரிலீஸ் நிற்காது, ஆனால் ரிலீஸ் குறிப்பில் எது விழுந்தது என்று எழுதப்படும். இந்த விதியை வாடிக்கையாளர் பார்க்கும் ஆவணத்திலேயே போடுங்கள். டெஸ்டை எமுலேஷனில் ஓட்டாதீர்கள், உண்மையான ஆர்ம் இயந்திரத்தில் ஓட்டுங்கள். நினைவக வரிசை சம்பந்தப்பட்ட பிழைகள் எமுலேஷனில் பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும். பொறுப்பை அந்தத் தம்பிக்கே கொடுங்கள், கூடவே இரண்டாவது பெயராக இன்னொருவரையும் போடுங்கள். ஒரு வருட அனுபவத்தில் இருப்பவரை ஒரு தளத்தோடு தனியாக விடுவது அவருக்கும் நல்லதல்ல. எந்தச் சந்தேகத்துக்கும் கேட்க ஆளில்லாமல், எல்லாப் புகாரும் தன் பெயருக்கே வந்து, கடைசியில் அவர் உங்களை விட்டே போய்விடுவார்.

மேக்கை இப்போதைக்கு ஒரு தனிக் கிளையில் சோதனை நிலையில் வைத்திருங்கள். "இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள், வாக்கு எதுவும் இல்லை" என்ற அளவில். அதில் முதல் வேலை, லிங்க் செய்யாமல் ஏற்கெனவே கட்டிய நிரலில் மாலாக்கை மறித்துக் காட்டுவது. அது முடிந்தால் மீதியைப் பேசலாம்.

வாடிக்கையாளர் தருவதாகச் சொல்லும் பணத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அவர் தருவது ஒருமுறை. உங்கள் செலவு வருடாவருடம். வாங்குவதென்றால் வருடச் சந்தாவாகப் பேசுங்கள். டெஸ்ட் ஓட்ட ஒரு மேக் இயந்திரமும் அந்தக் கணக்கில் வர வேண்டும். மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓட்ட அதன் உரிம விதி அனுமதிக்கிறது, உங்கள் சர்வரில் ஒரு மூலையில் ஓட்டிவிட முடியாது. சந்தா நின்றால் முன்கூட்டி அறிவித்து விலகும் உரிமையும் உங்களுக்கு வேண்டும்.

விலகுவதைப் பற்றி இப்போதே பேசுவது அபசகுனமாகத் தோன்றலாம். ஆனால் லினக்ஸ் கர்னலே இட்டானியம் சிப்புக்கான ஆதரவை 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் எடுத்துவிட்டது. கவனிக்க ஆள் இல்லை என்பதுதான் காரணம். ஜாவாவில் 32-பிட் விண்டோஸை 2023-இல் ஜேடிகே 21 வரும்போது "எடுக்கப் போகிறோம்" என்று அறிவித்து, 2025 மார்ச்சில் ஜேடிகே 24-இல் எடுத்தார்கள். ஒன்றரை வருட அவகாசம். நீங்களும் ஒரு வரி எழுதி வையுங்கள்: பொறுப்பாளர் இரண்டு பேரும் இல்லாமல் மூன்று மாதம் போனால், அல்லது டெஸ்ட் தொடர்ந்து இரண்டு ரிலீஸுக்குச் சிவப்பாக இருந்தால், அந்தத் தளம் ஒரு படி கீழே இறங்கும். இன்று யாருக்கும் கோபமில்லாதபோது இதை எழுதுவது சுலபம்.

அந்த வாடிக்கையாளருக்கு இந்த வாரமே பதில் போடுங்கள், காக்க வைக்காதீர்கள். "உங்கள் நிரல் மேக்கிலேயே ஓடுகிறதா, டாக்கருக்குள் லினக்ஸிலா? லினக்ஸ் என்றால் ஆர்ம் பதிப்பின் முதல் பில்டை உங்களிடம்தான் முதலில் தருவோம், சோதித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவரும் மற்ற இருபது பேரும் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள். மேக் செயலிகளே எழுதுபவர்கள் பாதிக்கு மேல் என்று தெரிந்தால், நான் மேலே சொன்ன வரிசையை மாற்ற வேண்டியிருக்கும். அப்போது மேக் தெரிந்த ஆறாவது ஆள் ஒருவரைச் சேர்ப்பது பற்றித்தான் நாம் பேச வேண்டும்.